டெஸ்டினில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போக: படகு பேசுவதிலிருந்து குழம்பு கொதிக்கும் வரை

அட்லாண்டா, பர்மிங்காம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி லீவு விட்டால் கடல் என்பது ஃப்ளோரிடாவின் வடமேற்குக் கரைதான். சர்க்கரை மாதிரி வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், அட்லாண்டாவிலிருந்து ஐந்தரை ஆறு மணி நேரக் கார் பயணம். டெஸ்டினில் நான்கு நாள் தங்கி, மணலில் வீடு கட்டி, திரும்பி வந்துவிடுகிறோம். ஆனால் அந்த ஊரின் உயிர் துறைமுகத்தில் இருக்கிறது. 1800-களின் நடுவில் கனெக்டிகட்டிலிருந்து வந்த லியனார்ட் டெஸ்டின் என்ற மீனவர் குடியேறி வளர்ந்த ஊர் அது. 1948-இல் தொடங்கிய மீன்பிடிப் போட்டி இன்றும் ஒவ்வோர் அக்டோபரிலும் மாதம் முழுக்க நடக்கிறது.

மீனுக்கு இந்த ஊரை விட்டால் ஆளில்லை என்பதற்குக் காரணம் கடலடி. ஈஸ்ட் பாஸ் என்ற முகத்துவாரத்தைத் தாண்டி 10 மைலுக்குள்ளேயே 100 அடி ஆழம் வந்துவிடும். நம் கரைக்காரர் கணக்கில் பதினாறு, பதினேழு பாகம். பல ஊர்களில் அந்த ஆழத்துக்குப் போகவே இரண்டு மூன்று மணி நேரம் ஓட வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

நான் இரண்டு முறை குடும்பத்தோடு போயிருக்கிறேன். முதல் முறை எட்டு மணி நேரப் படகு பேசினேன். "தூரம் போனால்தான் பெரிய மீன்" என்று போனில் சொன்னார்கள், நம்பினேன். இரண்டாவது மணி நேரத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும் குமட்டல். மகன் படுத்த இடத்தை விட்டு எழவில்லை. திரும்பலாம் என்று கேட்டபோது, முன்பே நேரம் பேசியாகிவிட்டது, பாதியில் திரும்பினாலும் முழுப் பணம்தான் என்று பதில் வந்தது. பணம் போனால் போகட்டும், திருப்புங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எத்தனை மணி நேரம்?

குடும்பத்திலேயே கடலை மிகக் குறைவாகத் தாங்கக்கூடியவர் யாரோ, அவருடைய அளவுதான் பயணத்தின் அளவு. ஐந்து வயதுக் குழந்தையோ எழுபது வயது அம்மாவோ கூட வந்தால் நான்கு மணி நேரம் போதும், ஏராளம். பத்து வயதைத் தாண்டிய, ஏற்கெனவே படகில் போய்ப் பழகிய பிள்ளைகள் என்றால் ஆறு. எட்டும் பன்னிரண்டும் மீன்பிடிப்பதே வேலையாக வருகிறவர்களுக்கு.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை இருந்தால் மெக்சிகோ வளைகுடாவுக்கே போக வேண்டாம். ஊருக்குப் பின்னால் சாக்டவ்ஹாச்சி விரிகுடா இருக்கிறது. உள்நீர், அலை குறைவு. சின்னப் படகில் ரெட்ஃபிஷ், ஸ்பெக்கிள்ட் டிரவுட் பிடிக்கலாம். கரை எப்போதும் கண்ணில் தெரியும். ஆழ்கடல் அனுபவம் இல்லையே என்று தோன்றலாம், ஆனால் குழந்தைக்கு நுனி துடிக்கிற தூண்டில்தான் கணக்கு, அது எங்கே துடித்தாலும் ஒன்றுதான்.

நேரம் காலையாகவே இருக்கட்டும். கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும், அலை கொந்தளிக்கும், பல நாள் மாலையில் இடி மழையும் வரும். காலை ஆறு மணிப் படகு என்றால் அது மத்திய நேரத்து ஆறு மணி. அட்லாண்டாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் லாபம். போன் தானாக மாறிவிடும், காரின் கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

எந்தப் படகு?

மூன்று வகை. ஒன்று, ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கி ஏறுகிற பெரிய பார்ட்டி போட். நாற்பது ஐம்பது பேரோடு தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். செலவு மிகக் குறைவு. பக்கத்து ஆளின் தூண்டில் நரம்பும் நம் நரம்பும் சிக்கிக்கொள்ளும், குழந்தையைக் கவனிக்க ஆள் கிடைக்காது. பதின்ம வயதுப் பிள்ளையோடு இருவர் மட்டும் போனால் இது நல்ல தேர்வு.

இரண்டாவது, நமக்கே நமக்கென்று பேசுகிற ஆறு பேர் படகு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை தரும் அடிப்படை உரிமம் உள்ள கேப்டன், காசு கொடுக்கும் பயணிகள் ஆறு பேரைத்தான் ஏற்றலாம். கைக்குழந்தையையும் ஒரு தலையாகவே எண்ணுவார்கள். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அப்பா அம்மா என்று சரியாக ஆறு. வாடகை படகுக்குத்தான், தலைக்கு அல்ல. மணிக்கு 200 டாலரை ஒட்டி மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் அதற்கு மேலும் போகும். மூன்றாவது, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போக, காவல்படை சோதித்துச் சான்று தந்த பெரிய படகுகள்.

குடும்பத்துக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான். விலை கூடுதல்தான், ஆனால் "போதும், திரும்பலாம்" என்று சொல்கிற உரிமை உங்கள் கையில் இருக்கும். அந்த உரிமையை முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நான் பட்டு அறிந்தது.

போனில் கேட்க வேண்டியவை

ஆன்லைனில் பதிவு செய்தாலும் ஒருமுறை கேப்டனோடு பேசுங்கள். முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "கூட ஐந்து வயதுக் குழந்தை வருகிறாள், மீன் பெரிதாக வேண்டாம், நிறையக் கடிக்கிற இடமாக வேண்டும்." நல்ல கேப்டனின் குரல் உடனே மாறும். கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டுகளான பார்களில், எதெதில் சின்ன மீன் கூட்டமாக நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தயங்கினாலோ, பெரிய மீன் பேச்சையே மறுபடி எடுத்தாலோ வேறு படகு பாருங்கள்.

பிறகு கழிப்பறை. கட்டாயம் கேளுங்கள். சில படகுகளில் இருக்காது, இருந்தாலும் பொருள் வைக்கும் அறையாக மாறியிருக்கும். அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. நிழல் எவ்வளவு, உட்கார இடம் எத்தனை, குழந்தையின் எடைக்கேற்ற உயிர்க்காப்பு உடை இருக்கிறதா என்பதும் அதோடு. ஃப்ளோரிடாவில் 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். படகு பெரிதானாலும் எங்கள் மகளுக்குக் கழற்றவே இல்லை. பெரியவர்களுக்கான உடையைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலே உருவிக்கொண்டு போய்விடும்.

பணத்தில் நான்கு கேள்வி: எரிபொருள் சேர்த்தா தனியா, மீன் வெட்டித் தருவது சேர்த்தா, காற்று சரியில்லை என்று கேப்டனே ரத்து செய்தால் முன்பணம் முழுதாகத் திரும்புமா, பாதியில் நாங்கள் திரும்பச் சொன்னால் கணக்கு என்ன? பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

மீன்பிடி உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். கரையில் நின்று தூண்டில் போட வெளிமாநிலத்தவருக்கு உரிமம் வேண்டும், வாடகைப் படகில் ஏறினால் படகின் உரிமமே உங்களுக்கும் சேர்த்து.

எந்த மாதம்?

இந்தக் கடலின் ராஜா ரெட் ஸ்னாப்பர். நம் சங்கராவின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே சிவப்பு, அதே கெட்டியான வெள்ளைச் சதை. மத்திய அரசின் அனுமதி பெற்ற வாடகைப் படகுகளுக்கு இதன் பருவம் ஜூன் 1-இல் திறக்கும், முடியும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆளுக்கு நாளைக்கு இரண்டு, நீளம் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆறு பேர் போனால் பன்னிரண்டு மீன், இரண்டு வீட்டுக்குப் போதும்.

ஜூனும் ஜூலையும் கூட்டம் தாங்காது. மார்ச், ஏப்ரலிலேயே பதிவு செய்துவிடுங்கள். வசந்த விடுமுறையில் போகிறவர்களுக்கு ஸ்னாப்பர் கிடைத்தாலும் வீட்டுக்கு எடுத்துவர முடியாது. அப்போது மிங்கோ என்று அந்த ஊரார் சொல்லும் சின்னச் சிவப்பு மீன் இருக்கிறது. பொரிக்க அதற்கு ஈடில்லை. எந்த மீனுக்குப் பருவம் திறந்திருக்கிறது என்று அந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள், களவா, கிளாத்தி வகைகளின் விதிகள் அடிக்கடி மாறும்.

முந்தின நாள்

மாலை நான்கு மணிக்குக் குடும்பத்தோடு துறைமுகத்துக்குப் போங்கள். படகுகள் வந்து, அன்று பிடித்ததைப் பலகையின் ஆணிகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். குழந்தைகளுக்கு நாளை எதைப் பிடிக்கப் போகிறோம் என்று கண்ணால் தெரியும், உங்களுக்குப் படகு நிற்கும் இடமும் கார் நிறுத்துமிடமும் தெரியும். இருட்டில் தேடி அலைய வேண்டியதில்லை.

அமெரிக்க வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை இரண்டு அடிக்குள் என்றால் குழந்தைகளுக்கு நல்ல நாள். மூன்று நான்கு அடி என்று போட்டிருந்தால் கேப்டன் போகலாம் என்றாலும் நான் போக மாட்டேன். அவருக்கு அது சாதாரணம், ஐந்து வயதுக்கு அல்ல. தெற்குக் காற்று வீசி, நீர் வெளியே வடிகிற நேரமாகவும் இருந்தால் ஈஸ்ட் பாஸில் அலை செங்குத்தாக எழும். அந்தப் பத்து நிமிடம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்கான மாத்திரை வாந்தி தொடங்கிய பிறகு உதவாது. படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும், முந்தின இரவே ஒன்று போடுகிறவர்களும் உண்டு. குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இஞ்சி மரப்பா எங்கள் படகில் எல்லோருடைய கன்னத்திலும் இருந்தது. கேப்டனும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

காலையில்

வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும், எண்ணெய் குழைத்த பொடி வேண்டாம். காபி ஒரு வாய். வாழைப்பழத்தை மட்டும் விடுதியிலேயே வைத்துவிடுங்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்பது அங்குள்ள கடலோடிகளின் பழைய நம்பிக்கை. மகனின் பையிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்ததும் கேப்டனின் உதவியாளரான மேட்டின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பா உடனே அதை வாங்கிக் கரையில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டார். "கடல்ல போறவன் சொல்றத மீறக் கூடாது" என்றார், தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர்.

முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, வழுக்காத வெளிர் அடிப்பாகச் செருப்பு, குழந்தைக்கு ஒரு மாற்றுடை, ஈரத்துணி, நிறையத் தண்ணீர். டிப்ஸுக்கு ரொக்கம். பெரிய ஐஸ் பெட்டி காரிலேயே இருக்கட்டும்.

குமட்டல் தொடங்குகிற மாதிரி இருந்தால் அறைக்குள் போகாமல், போனைப் பார்க்காமல், படகின் நடுப்பகுதிக்கும் பின்பக்கமான கடையாலுக்கும் இடையில் நின்று அடிவானத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கமான அணியத்தில்தான் ஆட்டம் அதிகம்.

தூண்டில் போடும்போது

கேப்டன் பாரின் மேலே படகை நிறுத்துவார். இயற்கையான சுண்ணாம்புப் பாறை விளிம்புகளும் உண்டு, ஊரார் மூழ்கடித்த பழைய கப்பல்களும் காங்கிரீட் கட்டிகளும் உண்டு. 1952-இல் முதல் பயணம் போன எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற 990 அடிக் கப்பலை, இப்படிச் செயற்கைப் பார் ஆக்குவதற்காகவே 2024-இல் இந்த மாவட்டம் விலைக்கு வாங்கியது. மணல்வெளியான கடலடியில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் மீன் அங்கே கூடிவிடும்.

மேட் தூண்டில் முள்ளில் கணவாய்த் துண்டோ வெட்டிய மீனோ குத்தித் தருவார். ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தளரும், அப்போது இரண்டு சுற்று மேலே சுற்றி நிறுத்துங்கள். தரையிலேயே விட்டால் பாறையில் மாட்டும்.

இனிதான் முக்கியம். பார் மீனுக்கு இயற்கை இரை போடும்போது சர்க்கிள் ஹூக் என்ற உள்நோக்கி வளைந்த முள்தான் சட்டப்படி போட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் கொத்தியதும் வெட்டி இழுப்போம். இந்த முள்ளில் அப்படி இழுத்தால் இரை வாயிலிருந்து நழுவி வந்துவிடும். அப்பா சிறு வயதில் கைத்தூண்டில் போட்டவர், முதல் இரண்டு கடியையும் வெட்டி இழுத்து விட்டுவிட்டார். மூன்றாவது கடியில் மேட் அவருடைய மணிக்கட்டை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். கம்பு நுனி ஒருமுறை தட்டியது, இரண்டுமுறை தட்டியது, பிறகு வளைந்து தண்ணீரைப் பார்த்துக் குனிந்தது. "இப்போ சுத்துங்க" என்று சைகை. முள் தானாகவே திரும்பி வாயின் ஓரத்தில் ஏறியிருந்தது. அப்பா கையில் அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

குழந்தைக்கு மேட் கம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் கைப்பிடியை மட்டும் சுற்றலாம். நூறு அடிக்கு ஐம்பது அறுபது சுற்று வரும். எங்கள் மகள் முப்பதில் கை ஓய்ந்து அழத் தொடங்கினாள், மேட் அவசரப்படாமல் நின்றார். கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி சுற்றினாள். பச்சைத் தண்ணீருக்குள் முதலில் ஒரு மங்கல், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு மீன். அந்த நிறம் மேலே வருவதைக் குழந்தை பார்க்கும்படி அவளைப் படகின் விளிம்போரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

அளவுகோலில் வைத்தால் பதினைந்தரை அங்குலம். திருப்பி விட வேண்டும். ஆழத்திலிருந்து வேகமாக ஏறும் மீனின் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியே பிதுங்கி வரும். அப்படியே எறிந்தால் மீனால் கீழே இறங்க முடியாது, மிதந்துகொண்டே சாகும். வளைகுடாவின் மத்திய அரசு நீர்ப்பரப்பில் பார் மீன் பிடிக்கும் படகு ஒவ்வொன்றிலும் மீனை ஆழத்துக்கு இறக்கும் கருவியோ காற்றை வெளியேற்றும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொன்னது. மேட் மீனின் கீழ்த்தாடையில் ஒரு கவ்வியை மாட்டி, கனமான குண்டோடு கீழே இறக்கினார். ஆழத்தின் அழுத்தத்தில் காற்றுப்பை சுருங்கிவிடும், கவ்வி திறந்து மீன் நீந்திப் போகும். கவ்வி வெறுமையாக மேலே வந்ததும் மகள் கேட்டாள்: "அது வீட்டுக்குப் போயிடுச்சா?" படகு ஏறும் முன்பே இதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், பிடித்ததை விடச் சொல்லும்போது ஏமாற்றம் குறையும்.

டால்பின்கள் வரும், விட்ட மீனைப் பிடித்துக்கொண்டு போகும். குழந்தைகள் மீன் போடச் சொல்வார்கள். டால்பினுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

கரையில்: தலையைக் கேட்டு வாங்குங்கள்

பார் மீனைத் தலையும் துடுப்பும் கழிக்காமல்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும், வெட்டுவது கரையில். மேட்டின் கத்தி கண் இமைப்பதற்குள் வேலை முடிக்கும். இரண்டு பக்கச் சதையை உரித்து எடுத்துவிட்டு, தலையும் நடுமுள்ளும் நேராகக் குப்பைத் தொட்டிக்கு. முதல் பயணத்தில் ஒன்பது ஸ்னாப்பர் தலை அப்படிப் போனதைப் பார்த்து அம்மா பேச்சிழந்து நின்றார்.

அதனால் படகு கரைக்குத் திரும்பும்போதே மேட்டிடம் சொல்லிவிடுங்கள்: நான்கு மீன் முழுதாக, செதிலும் செவுளும் குடலும் மட்டும் நீக்கி. மற்றவற்றைச் சதையாக, ஆனால் தலைகள் எங்களுக்கு வேண்டும். செவுளுக்குப் பின்னால் இருக்கும் கழுத்துத் துண்டை அங்கே தொண்டை என்றே சொல்வார்கள், அதையும் கேளுங்கள். பொரிக்க அதைவிடச் சுவையான துண்டு இல்லை.

டிப்ஸ் வாடகையில் 15 முதல் 20 சதவீதம், மேட் கையில் ரொக்கமாக. அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். குழந்தையோடு பொறுமையாக நின்றவருக்கு நான் 20-க்குக் குறைத்ததில்லை.

சமையல்

துறைமுகத்தைச் சுற்றியுள்ள பல உணவகங்களில் நீங்கள் பிடித்த மீனைக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். ஒரு வேளைக்கு நல்லது. குழம்புக்கு மட்டும் விடுதிச் சமையலறைதான். புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சின்ன வெங்காயம், ஒரு கனமான சட்டி, இவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். விடுதிப் பாத்திரம் மெல்லியது, அடிபிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. கிங் மேக்கரல் கிடைத்தால் வஞ்சிரம் என்று துள்ளிக் குதிப்போம். நம் வஞ்சிரத்தின் இனம்தான், ருசியும் அப்படியே. ஆனால் அதில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை வைத்திருக்கிறது. சின்னதான ஸ்பானிஷ் மேக்கரலும் ஸ்னாப்பரும் அந்தத் தவிர்ப்புப் பட்டியலில் இல்லை. குழந்தை தட்டில் அவற்றை வையுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகும் மீனை அன்றிரவே காற்றுப்புகாத பைகளில் போட்டு ஐஸுக்கு நடுவில் புதையுங்கள். உருகும் தண்ணீரில் மீன் ஊறக் கூடாது, பெட்டியின் அடைப்பைத் திறந்து அவ்வப்போது வடித்துவிட்டு, வழியில் ஒருமுறை புது ஐஸ் போடுங்கள். தலைகளை மட்டும் எடுத்துவர வேண்டாம், அன்றைக்கே சட்டியில் ஏற்றிவிடுங்கள். குழம்பை இரவு வைத்து இறக்கி, காலையில் சூடுபடுத்தி, மிச்சமிருக்கும் இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அறையைக் காலி செய்யலாம்.